ஆடிட்டர் ஆவதற்கு எத்தனை பூட்டு?

சென்ற ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தன்று மாலை, எல்லோரும் கலைந்த பின்னர் ஒரு தந்தையார் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் கமிஷன் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் மேல்நிலை முதலாண்டில் வணிகவியல் பிரிவில், தமிழ் வழியில் படிக்கிறாள். "டீச்சர், இவ ஆடிட்டருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. எங்க கடைக்குக் கணக்குப் பாக்குற ஆடிட்டரைக் கேட்டேன். அது லேசுப்பட்ட காரியமில்லன்னு சிரிச்சுட்டாரு. எத்தனை பரீட்சை, எத்தனை வருஷம், பொம்பளைப் பிள்ளைக்குத் தோதுப்படுமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். மூன்று நிலைத் தேர்வு, நடுவில் ஓர் அலுவலகத்தில் பயிற்சி, ஒவ்வொரு தாளிலும் இவ்வளவு, மொத்தத்தில் இவ்வளவு என்று நாம் அடுக்கிக்கொண்டே போக, அருகில் நின்ற பெண் இடையில் புகுந்து, "டீச்சர், இதெல்லாம் யார் போட்ட நிபந்தனை? எல்லாமே வேண்டியதுதானா? மாத்தவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். தந்தையார் அவளை அதட்டினார். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அன்று நேரமாகிவிட்டபடியால், விடையை ஆண்டு மலரில் எழுதுகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

பாடநூலில் 'பட்டயக் கணக்கர்' என்று எழுதினாலும் நம் ஊரில் 'ஆடிட்டர்' என்றால்தான் விளங்கும். வருமான வரிக்குக் கணக்கு எழுதித் தருகிறவர் என்பதே பலருடைய எண்ணம். உண்மையில் கணக்கு எழுதுகிறவர் வேறு, எழுதிய கணக்கைத் தணிக்கை செய்கிறவர் வேறு. கணக்கு எழுத யாருக்கும் உரிமம் வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்த்து, அது உண்மையும் நேர்மையுமான நிலையைக் காட்டுகிறது என்று கையெழுத்திடத்தான் உரிமம் வேண்டும். ஏன்? அந்தக் கையெழுத்தை நம்பிச் செயல்படுகிறவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்குக் கடன் கொடுக்கும் வங்கி, எங்கோ இருந்துகொண்டு பங்கு வாங்கிய ஓய்வூதியக்காரர், வரி அலுவலர் ஆகிய அனைவரும் அந்த ஒரு கையெழுத்தையே நம்புகின்றனர்.

முன்பெல்லாம் கம்பெனிகளுக்கே இந்தத் தணிக்கை பெரிதும் கட்டாயமாக இருந்தது. 1984ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரித் தணிக்கையைக் கொண்டுவந்து, ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டிய வியாபாரிகளையும் ஆடிட்டர் வாசலுக்கு வரவழைத்தது. அந்த வரம்பு இப்போது 1 கோடி. வரவு செலவில் ரொக்கம் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாதவர்களுக்கு 10 கோடி. நம் ஊர்த் தோல் ஷாப்பும் பூட்டுக் கடையும் வெங்காய மண்டியும் தணிக்கை என்ற சொல்லைப் பழகிக்கொண்டது இவ்வாறுதான்.

அந்தக் கையெழுத்து பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2009ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் நாடே கண்டது. ஐதராபாத்தில் இயங்கிய சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர், தம் கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் அக்கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டே வந்தன. கையெழுத்திட்டவர்கள் கடினமான தேர்வுகளை எல்லாம் தேறியவர்களே. பெரிய நிறுவனங்களின் தணிக்கையாளர்களைக் கண்காணிக்க 2018இல் தனி ஆணையம் ஒன்றை அரசு அமைத்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். ஆகவே உரிமத்துக்கு நிபந்தனை வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். எந்த நிபந்தனை என்பதில்தான் வழக்கு. வேலை தெரிந்தவரா, நம்பத்தக்கவரா என்று பார்க்கும் நிபந்தனை ஒருவகை. யார் வீட்டுப் பிள்ளை, ஆணா பெண்ணா, கையில் பணம் இருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனை வேறு வகை. இவ்விரண்டும் ஒரே சட்டத்துக்குள் பல காலம் கலந்தே கிடந்தன.

இதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நிலக்கோட்டை, நத்தம் பக்கத்துக் கிராமங்களில் வயதான பாட்டிமாரைக் கேளுங்கள். ஊருக்கு ஒரு கர்ணம் இருந்தார். கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். எந்த வயலில் என்ன பயிர், எவ்வளவு வரி, யார் பேரில் பட்டா என்பதெல்லாம் அவர் கணக்கில்தான் இருக்கும். அந்த வேலைக்கு முதல் தகுதி பிறப்பு. 1895ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அதனைப் பரம்பரை உரிமையாக வைத்திருந்தது. கணக்கு நன்றாக அறிந்த ஒருவர் அடுத்த தெருவில் இருந்தாலும் பயனில்லை. கர்ணம் வீட்டு வாரிசுக்கே பதவி. ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இவ்வாறு பிறப்பைப் பார்த்து அரசுப் பதவி கொடுப்பது அரசமைப்புக்கு முரண் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரை உரிமையை நீக்கிற்று. 1980 நவம்பரில் அந்தப் பகுதிநேரப் பதவிகளே ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. அதற்குத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. இன்று பல கிராமங்களில் அந்த நாற்காலியில் பெண்கள் அமர்ந்திருக்கக் காண்கிறோம். அவர்களுடைய பாட்டிக்கு இது கனவிலும் வந்திராது.

இனி நம் ஆடிட்டருக்கு வருவோம். இந்தியாவில் தணிக்கையாளருக்குத் தகுதி வேண்டும் என்று சொன்ன முதற் சட்டம் 1913ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். 1918இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் என்ற தேர்வு தொடங்கப்பெற்றது. எழுத்துத் தேர்வோடு, நிலைபெற்ற ஒரு கணக்கரிடம் மூன்றாண்டு பயிற்சியும் வேண்டும். 1932இல் விதிகள் ஒழுங்கு செய்யப்பட்டு, பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் 'பதிவு பெற்ற கணக்கர்' எனப்பட்டனர். விடுதலைக்குப் பின்னர் பட்டயக் கணக்கர் சட்டம் 1949 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் தோன்றியது அன்றுதான். தொடக்க காலத்தில் அதன் உறுப்பினர் ஏறத்தாழ 1,700 பேர். இன்று 4 லட்சத்துக்கு மேல்.

பயிற்சி என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம். பயிற்சி பெறும் இளைஞர் தம் குருவான கணக்கருக்குப் பிரீமியம் என்ற பெயரில் ஒரு தொகை கட்டுவார். வேலையும் செய்ய வேண்டும், பணமும் கட்ட வேண்டும்! வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே இத்தொழிலுக்கு வந்ததில் வியப்பில்லை. பிற்காலத்தில் இது ஒழிந்து, பயிற்சி பெறுவோருக்கு அலுவலகமே மாதம்தோறும் உதவித்தொகை தரவேண்டும் என்றாயிற்று. பிரீமியத்தை எடுத்தால் தொழிலின் தரம் தாழ்ந்துவிடும் என்று அன்று வாதித்தவர்கள் இருந்திருக்கவும் கூடும். தாழ்ந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பதிவேட்டின் வாசலில் நின்று போராடிய ஒரு தமிழ்ப் பெண்ணை நம் மாணவியர் அறிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் ஆர். சிவபோகம். 1907 சூலை 23ஆம் நாள் பிறந்தவர். சென்னை லேடி வில்லிங்டன் பள்ளியிலும் இராணி மேரிக் கல்லூரியிலும் படித்தவர். அவருக்கு வழிகாட்டியாக விளங்கியவர் சகோதரி சுப்புலட்சுமி. இளமையிலேயே கணவனை இழந்து, 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற குழந்தை விதவைகளுக்காகத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இல்லம் நடத்திய பெருமாட்டி. அவர் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர் அல்லர், இந்துக் குடும்பத்தவர். ஆயினும் ஊரார் அனைவரும் அவரைச் 'சிஸ்டர்' என்றே அழைத்தனர். எழும்பூரில் பிரசன்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியில் அவர் படித்தவர் என்பதை நம் அருட்சகோதரியர் கேட்டால் மகிழ்வர்.

சிவபோகம் நாட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். வேலூர்ச் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் அவர் தேர்ந்தெடுத்த துறைதான் கணக்கியல். அக்காலத்தில் படித்த பெண்ணுக்கு ஆசிரியை வேலை, அதைவிட்டால் மருத்துவம். கணக்கர் அலுவலகத்தில் பெண் என்பது கேள்விப்படாத செய்தி. சென்னையில் புகழ்பெற்றிருந்த சி. எஸ். சாஸ்திரி என்ற தணிக்கையாளர் அவரைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். 1933இல் சிவபோகம் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் வெற்றி பெற்றார். இந்தியாவில் அத்தகுதியை அடைந்த முதற் பெண் அவரே.

தேர்வு முடிந்தது, பயிற்சியும் முடிந்தது. இனிப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டியதுதானே? அங்கேதான் பூட்டு விழுந்தது. சிறை சென்றவர்கள் கணக்கராகப் பதிவு செய்துகொள்ள இயலாது என்று விதி குறுக்கே நின்றது. மாணவியரே, இவ்விடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அந்த விதி பார்வைக்கு நியாயமான விதியே. பிறர் பணத்துக்குச் சாட்சி சொல்லும் வேலைக்குக் குற்றவாளி வரலாமா? நாமே விதி எழுதினாலும் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் திருடிச் சிறை சென்றவருக்கும், நாட்டுக்காகச் சிறை சென்றவருக்கும் அந்த விதி வேறுபாடு பார்க்கவில்லை. ஒழுக்கத்தைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு அது சோதித்தது ஆட்சிக்குப் பணிந்தவரா என்பதையே. சிவபோகம் நீதிமன்றம் சென்றார்; வழக்கில் வென்றார். 1937இல் தம் பெயரிலேயே தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென்னிந்திய வட்டார மன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார். இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் பெண்ணுக்கென்று 1956இல் ஒரு பரிசையும் ஏற்படுத்தினார். 1966 சூன் 14இல் மறைந்தார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான், இன்னும் நீண்ட கதை. மேரி ஹாரிஸ் சுமித் என்ற பெண்மணி இலண்டனில் சொந்த அலுவலகம் வைத்துக் கணக்குப் பார்த்து வந்தவர். அங்குள்ள பட்டயக் கணக்கர் கழகத்தில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்ற ஒரே காரணத்துக்காக மறுத்துவிட்டனர். பெண் என்பதற்காகத் தொழிலில் தடை கூடாது என்று 1919இல் சட்டம் வந்த பின்னரே, 1920இல் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு 75 வயது. அந்தக் கால ஆண்கள் எத்தனை பேர் அவ்வளவு காலம் காத்திருப்பார்களோ, தெரியாது.

இனி, அந்தத் தந்தையார் விரல் விட்டு எண்ணிய இன்றைய நிபந்தனைகளைக் காண்போம். 2023 சூலை முதல் நாளிலிருந்து புதிய பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அடிப்படைத் தேர்வு எழுதலாம். கணக்குப்பதிவியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும், பொருளியல் என நான்கு தாள். அடுத்து இடைநிலையில் ஆறு தாள். இறுதிநிலையில் ஆறு தாள். முன்பு இவ்விரண்டிலும் எட்டெட்டுத் தாள் இருந்தன. தாள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 40, பிரிவின் மொத்தத்தில் நூற்றுக்கு 50 எடுத்தாக வேண்டும். வணிகவியல் பட்டம் நூற்றுக்கு 55 பெற்று முடித்தவர்கள் அடிப்படைத் தேர்வின்றி நேரே இடைநிலைக்குப் போகலாம். பிற துறைப் பட்டதாரிகளுக்கு 60. ஆண்டுக்கு இருமுறை நடந்த தேர்வு இப்போது மும்முறை. 2024இல் முதலிரு நிலைகளுக்கும், 2025இல் இறுதிநிலைக்கும் அவ்வாறு ஆயிற்று. தவறினால் அரை ஆண்டு காத்திருந்த நிலை மாறி நான்கு மாதம் என்பது சிறிய செய்தி அன்று. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கப்படும் வயதிலுள்ள பெண்ணுக்கு அந்த இரண்டு மாதத்தின் அருமை தெரியும்.

பெரிய மாற்றம் பயிற்சிக் காலத்தில் வந்தது. மூன்றாண்டு இரண்டாண்டாகக் குறைந்தது. இதைக் கேட்டதும் அந்தத் தந்தையார் முகம் மலர்ந்தது. ஆனால் இதிலுள்ள நெளிவுசுளிவையும் சொல்ல வேண்டும். முன்பு இடைநிலையில் ஒரு பிரிவு தேறினாலே பயிற்சிக்குச் சேரலாம். இப்போது இரு பிரிவும் தேற வேண்டும். முன்பு பயிற்சியின் கடைசி அரையாண்டிலேயே இறுதித் தேர்வை எழுதலாம். இப்போது பயிற்சி முடிந்து ஆறு மாதம் படித்த பின்னரே எழுதலாம். விடுப்பு நாள்களும் வெகுவாகக் குறைந்தன. ஒன்றிலும் தவறாமல் போனால் அடிப்படைப் படிப்பு 4 மாதம், இடைநிலை 8 மாதம், பயிற்சி 24 மாதம், பிற்படிப்பு 6 மாதம், ஆக 42 மாதம் என்பது கணக்கு. ஒன்றிலும் தவறாமல் போகிறவர் சிலரே. 2023 மே மாத இறுதித் தேர்வில் இரு பிரிவையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் நூற்றுக்கு 8.33, 2024 மே மாதத்தில் 19.88. பெற்றோர் இந்த எண்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பிள்ளை ஒருமுறை தவறினால் 'மக்கு' என்று ஏசாமலிருக்க அது உதவும்.

மூன்றாண்டு இரண்டாண்டானது சரியா? எங்கள் ஆசிரியைகள் அறையில் இதுபற்றி இரண்டு கட்சி உண்டு. பயிற்சி என்றால் என்ன என்பதை நம் ஊரை வைத்தே சொல்லலாம். ஏப்ரல் வந்தால் சரக்கிருப்பு எண்ண வேண்டும். நூற்பாலைக் கிடங்கில் பஞ்சுப் பொதி எத்தனை, நூல் மூட்டை எத்தனை என்று போய் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோல் ஷாப்பில் பச்சைத் தோல் ஒரு விலை, பாதி பதனிட்டது ஒரு விலை, முடிந்தது ஒரு விலை. தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் தோலுக்கு என்ன மதிப்புப் போடுவது? வெங்காயமோ மூட்டையில் இருக்கும்போதே காய்ந்து எடை குறையும் பண்டம். எவ்வளவு குறைந்தால் இயற்கை, எவ்வளவு குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. பேட்டைக்கு நாலு முறை போய் வந்தவருக்குத் தெரியும். செப்டம்பர் வந்துவிட்டால் வரித் தணிக்கை அறிக்கைகளுக்காக அலுவலகங்களில் இரவு வெகுநேரம் விளக்கு எரியும். மூன்றாண்டுப் பயிற்சி என்றால் இப்படி மூன்று ஏப்ரல், மூன்று செப்டம்பர். முதலாண்டு வேடிக்கை பார்ப்பார், இரண்டாமாண்டு செய்து பார்ப்பார், மூன்றாமாண்டு தவறு எங்கே என்று தாமே மோப்பம் பிடிப்பார். அந்த மூன்றாமாண்டு போய்விட்டதே என்று வருந்துகிறது ஒரு கட்சி.

நாம் மற்றக் கட்சி. மூன்றாமாண்டில் பல அலுவலகங்களில் நடந்தது கற்பித்தல் அன்று. குறைந்த கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வது. கழகம் விதிக்கும் குறைந்த அளவு உதவித்தொகை ஊரின் மக்கள்தொகைக்கேற்பப் படிப்படியாக அமைந்தது. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரின் மக்கள்தொகை 2,07,327. ஆகவே நம் ஊர் கடைசிப் படியில்தான். தொகை குறைவாக இருப்பதால், மதுரைக்கோ சென்னைக்கோ போனால் கூடக் கிடைக்குமே என்று பையன்கள் பஸ் ஏறிவிடுவார்கள். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் வீடுகளில் அவள் இங்கேயே இருப்பாள், குறைந்த தொகைக்கு. அவளுக்கு ஓராண்டு குறைந்தது நல்லதே. குறைந்த ஓராண்டுக்கு ஈடாக இருக்கும் இரண்டாண்டில் அவளைத் தேநீர் வாங்கவும் நகல் எடுக்கவும் அனுப்பாமல், கிடங்குக்கும் பேட்டைக்கும் அனுப்ப வேண்டும் என்பதே நம் விண்ணப்பம். பெண்பிள்ளை அங்கெல்லாம் எதற்கு என்று மேசையடியிலேயே உட்கார்த்தி வைக்கும் அலுவலகங்கள் உண்டு. அக்கறையால் செய்வதுதான், ஆனால் அது அவள் கற்க வேண்டியதைக் கெடுக்கிறது.

நிபந்தனையைக் கூட்டினால் தரம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். அங்கே உரிமம் தருவது மாநிலங்கள். 1896இல் நியூயார்க் முதற் சட்டம் செய்தது. சாதாரணப் பட்டப் படிப்புக்கு 120 பாட அலகு என்றால், உரிமம் வேண்டுவோர் 150 அலகு படிக்க வேண்டும் என்று 1980களில் புளோரிடா தொடங்கி வைத்தது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. ஏறத்தாழ ஓராண்டுக் கூடுதல் படிப்பு, ஓராண்டுக் கூடுதல் கட்டணம். ஜான் பாரியோஸ் என்ற ஆய்வாளர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இதனால் தேர்வுக்கு வருவோர் குறைந்தனர், வந்தவர்களின் தரம் மட்டும் உயர்ந்ததாகக் காணவில்லை என்று காட்டினார். ஆள் பஞ்சம் வந்த பின்னர் மனம் மாறி, 2025 சனவரியில் ஒகையோ மாநிலம் பட்டப் படிப்பும் ஈராண்டு அனுபவமும் தேர்வும் போதும் என்று சட்டம் செய்தது. அதைத் தொடர்ந்து வேறு பல மாநிலங்களும் அவ்வழியில் வருகின்றன.

இப்போது நம் மாணவியரில் பெரும்பாலோர் முன்னுள்ள பூட்டுக்கு வருவோம். அது தாளின் எண்ணிக்கையும் அன்று, ஆண்டின் எண்ணிக்கையும் அன்று. மொழி.

பட்டயக் கணக்கர் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், அல்லது இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை. நம் பள்ளியில் கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கும் பெண், தேய்மானம் கண்டுபிடிப்பாள், கூட்டாளி விலகும்போது நற்பெயரைப் பங்கிடுவாள், இருப்புநிலைக் குறிப்பைத் தூக்கத்திலும் சமன் செய்வாள். அதே கணக்கை ஆங்கிலத்தில் கொடுத்தால் முதற் பத்து நிமிடம் வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவாள். எண் எந்த மொழியிலும் எண்தான். ஆனால் வணிகச் சட்டத் தாளில் பக்கம் பக்கமாக எழுத வேண்டுமே, அங்கே என்ன செய்வாள்?

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் நமக்குத் தெரியாததன்று. கம்பெனிச் சட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது, கணக்கியல் தரநிலைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நாளை தணிக்கை அறிக்கையையும் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும் என்பார்கள். உண்மைதான். தணிக்கையாளராகப் போகிறவர் ஆங்கிலம் கற்றே தீரவேண்டும் என்று நாமும் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லி வருகிறோம். ஆயினும் ஆங்கிலமின்றித் தணிக்கை இல்லை என்பதே விதியானால், இந்தியில் எழுத ஏன் இடம் கொடுத்தார்கள்? இந்தியில் எழுதித் தேறியவர் நல்ல ஆடிட்டர் ஆகலாம் என்றால், தமிழில் எழுதித் தேறியவர் ஆகமாட்டாரா? மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் வினாத்தாள் தமிழிலும் வருகிறது. பொறியியலுக்கான ஜே.இ.இ. தேர்வு 2021 முதல் தமிழிலும் நடக்கிறது. இந்திய ஆட்சிப் பணிக்கான முதன்மைத் தேர்வையே தமிழில் எழுதலாம். கணக்கரை மட்டும் வெளியே நிறுத்துவானேன்?

நம் கருத்து இது. அடிப்படைத் தேர்வையாவது தமிழில் எழுத இடம் வேண்டும். அது பள்ளிப் பாடத்தை ஒட்டிய தேர்வு. ஆளுக்குத் துறையில் நாட்டமும் கூர்மையும் உண்டா என்று பார்ப்பது. வினாத்தாளை மொழிபெயர்க்கவும் விடைத்தாளைத் திருத்தவும் ஆளில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தமிழ் வழியில் வணிகவியல் கற்பித்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இடைநிலைக்கு வருவதற்குள் அவள் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்வாள். இறுதிநிலை ஆங்கிலத்தில் இருந்தாலும் நாம் குறை சொல்லமாட்டோம். ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்ப வசதியில்லாத பெற்றோருடைய மகள் முதற் படியிலேயே திரும்பி வீட்டுக்கு வருகிறாளே, அதுதான் நமக்கு உறுத்துகிறது. இன்று அக்கழகத்தின் உறுப்பினர்களில் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் பெண்கள். அந்த மூவரில் தமிழ் வழியில் படித்தவர் எத்தனை பேர் என்று யாரேனும் எண்ணிச் சொன்னால் நலமாயிருக்கும்.

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்க முடியாதல்லவா? சிவபோகம் முதலில் தேர்வைத் தேறினார், பின்னரே வழக்குத் தொடுத்தார். ஆகையால் ஆடிட்டர் ஆகும் ஆசையுள்ள மாணவியருக்குச் சில சொற்கள். வணிகக் கணிதம் உள்ள பிரிவில் சேருங்கள். கணிதம் இல்லாமலும் தேர்வுக்குப் போகலாம்; ஆனால் மூன்றாம் தாளில் திணறுவீர்கள். அதிலும் நான்காம் தாளிலும் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், குருட்டாம்போக்கில் குறிக்கக் கூடாது. ஆங்கிலப் பாடநூலையும் தமிழ்ப் பாடநூலையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அரசு இரண்டையும் வெளியிட்டுள்ளது, அத்தியாயமும் கணக்கும் ஒன்றே. பெற்றோருக்கு ஒரு சொல்: பொறியியல் கல்லூரிக்குக் கட்டுவதை நோக்கத் தேர்வுக் கட்டணம் பெரிய செலவன்று. பயிற்சி வகுப்பும் விடுதியும்தான் கையைக் கடிக்கும். சேர்ப்பதற்கு முன் அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த வெங்காயப் பேட்டைத் தந்தையாரின் மகள் இப்போது மேல்நிலை இரண்டாமாண்டு. இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லுமாக எழுதி வருகிறாள். தினம் ஐந்து சொல் என்று கணக்கு. சென்ற வாரம் நோட்டோடு வந்து நின்றாள். அவள் அப்பா கடையில் முப்பது ஆண்டாகக் கணக்கு எழுதும் பெரியவர் 'ஐந்தொகை' என்கிறாராம், பாடநூலில் 'இருப்புநிலைக் குறிப்பு' என்று இருக்கிறதாம். எதை எழுதுவது என்று கேட்டாள். இரண்டையும் எழுதிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் 'பேலன்ஸ் ஷீட்' என்று ஒருமுறை எழுதிக்கொள்ளச் சொன்னோம்.